மயிலிட்டி வீட்டில் நான் நிறுத்திய அதிர்வு

மானிப்பாயில் கடையை ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்த நாளிலிருந்து, இதே தொழில் செய்யும் உங்கள் குழுவில் எனக்கு வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். இந்த ஸ்பீக்கருக்கு அடியில் எந்த ரப்பர் வைக்கலாம், அக்கா? அந்தப் பிளேயருக்கு ஸ்பிரிங் நல்லதா, கல் நல்லதா? இதற்கெல்லாம் விடை உங்கள் கைத்தொலைபேசியிலேயே கிடக்கிறது. என்னைவிட அழகாகப் படம் போட்டுக் காட்டுகிறார்கள்.

வீடுகளில் ஒலிச் சாதனங்களைப் பூட்டிக் கொடுப்பதும், அவற்றின் அதிர்வு வீட்டுக்குள் இறங்காமலும் வீட்டின் அதிர்வு அவற்றுக்குள் ஏறாமலும் பார்ப்பதும் முப்பது வருடத்துக்கு மேலாக என் தொழில். அத்தனை வருடத்தில் எவரும் ஒரு குறை சொல்ல முடியாதபடி நான் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். அதை மூன்றாம் வாரமே நானே போய்க் கழற்றினேன். எந்த ரப்பர் என்ற கேள்வியைவிட அது உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

மயிலிட்டியிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினார். பெயர் இராசமணி. போரில் இடம்பெயர்ந்த சனங்கள் திரும்பிப் போய் வீடு கட்டத் தொடங்கிய பிறகு அந்தப் பக்கத்திலிருந்து எனக்கு வந்த முதல் அழைப்புகளில் அதுவும் ஒன்று.

"தங்கச்சி, எங்கடை வீட்டிலை மேளம் அடிச்சால் கண்ணாடி அலுமாரிக்கை கோப்பையெல்லாம் ஆடுது. இடைக்கிடை மாடு கத்திற மாதிரி வேறை ஒரு சத்தம். மகள் பிள்ளைப்பேறுக்கு வரப்போறாள். அதுக்கு முதல் உதை நிப்பாட்டித் தர ஏலுமோ?"

"மேளம் ஆர் அடிக்கிறது, அக்கா?"

"ஒருத்தரும் அடிக்கேல்லை. இவர் பிளேயரிலை போட்டுக் கேக்கிறார். பெட்டியை வித்துப்போடுங்கோ எண்டன். அதுக்கு மட்டும் ஓம் எண்டு சொல்லுறார் இல்லை."

அடுத்த நாளே போனேன். படலையைத் திறந்த இராசமணி அக்கா, எல்லா வீட்டுக்காரரையும் போல, என் தோளுக்கு மேலால் ஒழுங்கையைப் பார்த்தார். வேலைக்காரர் பின்னால் வருகிறார் என்ற நினைப்பு. நான்தான் ஆள் என்று சொல்லி உள்ளே போவதற்குள், அலுமாரிக் கோப்பைகள் சலங்கை கட்டியது போல ஆடுவது வாசலுக்கே கேட்டது.

அவருடைய கணவர் தவராசா அண்ணை இருபத்தாறு வருடம் கப்பல்களின் இன்ஜின் அறையில் வேலை செய்தவர். அப்போது எழுபதைத் தாண்டியிருந்தார். கீழ் வீடு முழுதும் சீமெந்து. மேலே ஓர் அறை மட்டும், துறைமுகம் தெரியட்டும் என்று, உத்திரம் போல வைத்த பனை வளைகளின் மேல் பலகை அடித்துக் கட்டியிருந்தார். அந்தப் பலகைத் தரையில், என் இடுப்பளவு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள். அவற்றுக்கு நடுவில் ஒரு கதிரை. இசைத்தட்டுப் பிளேயர் ஒரு மேசையில் இருந்தது. நான் அறைக்குள் நாலடி வைப்பதற்குள் ஊசி இரண்டு தரம் துள்ளியது.

உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஸ்பீக்கர் பலகையை அதிர வைக்கிறது, பலகை மேசையை, மேசை ஊசியை. ஊசி அந்த அதிர்வையும் பாட்டு என்று நினைத்துத் திரும்ப ஸ்பீக்கருக்கே அனுப்புகிறது. இராசமணி அக்கா சொன்ன மாடு அதுதான். சோதிப்பதற்காக நான் சத்தத்தைக் கூட்டினேன். அந்த உறுமல் எழுந்தபோது எனக்கே பல் கூசியது. அக்கா காதைப் பொத்திக்கொண்டு படியால் இறங்கிவிட்டார். தவராசா அண்ணை மட்டும் யன்னல் பக்கம் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கண் இருந்தும் காணாமல் விட்டவற்றில் இது முதலாவது. இன்னும் இருக்கிறது. அவர் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் அந்தக் கதிரையில் உட்கார்ந்தார். ஒரு கையை எப்போதும் ஸ்பீக்கர் பெட்டியின் பக்கத்தில் வைத்திருந்தார். நான் கதைக்கும்போது என் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்த்தார். பெட்டியில் அவ்வளவு பிரியம், பெண்ணிடம் அவ்வளவு கூச்சம் என்று நானே எல்லாவற்றுக்கும் காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். நமக்குத் தொழில் நன்றாகத் தெரியத் தெரிய இந்தக் கெட்ட பழக்கம் வந்துவிடும். ஆளைப் பார்ப்பதற்கு முன் தரையைப் பார்ப்போம்.

வேலை இரண்டு நாள் எடுத்தது. பிளேயரை மேசையிலிருந்து எடுத்து, சுவரில் இரும்புத் தாங்கி அடித்து, கனமான ஒரு கல்லின் மேல் வைத்தேன். கல்லுக்குக் கீழே, சின்னப் பிள்ளைகளின் சைக்கிள் டியூப்பை அரைவாசிக் காற்றோடு. ஸ்பீக்கர்களுக்குத் தனித்தனியாக ஸ்பிரிங்கும் ரப்பரும் வைத்துப் பலகைத் தரையிலிருந்து பிரித்தேன். அம்பிளிபயரைக் கதிரைக்குப் பின்னால் சுவரோரமாகக் கொண்டுபோனேன். அந்த இரண்டு நாளும் எந்தக் கேள்வி இருந்தாலும் அக்காவிடம்தான் கேட்டேன். அவர் சட்டென்று பதில் சொல்வார். அண்ணையிடம் கேட்டால் கொஞ்ச நேரம் பொறுத்து, "ஓம்" என்பார். அவ்வளவுதான்.

முடிந்ததும் ஒரு குவளை நிறையத் தண்ணீர் எடுத்து அறை நடுவில், பலகையில் வைத்தேன். தவில் தனியாக முழங்கும் ஓர் இசைத்தட்டைப் போட்டுச் சத்தத்தை நன்றாகக் கூட்டினேன். தண்ணீரில் ஒரு சுருக்கம் இல்லை. அக்காவைக் கூப்பிட்டு அந்தப் பலகையில் குதிக்கச் சொன்னேன். முதலில் வெட்கப்பட்டார், பிறகு சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூன்று தரம் குதித்தார். ஊசி அசையவில்லை. கீழே கோப்பைகள் தூங்கின.

"தங்கச்சி, உங்கடை கைக்கு என்னவோ இருக்கு," என்றார் அக்கா. வடையும் தேத்தண்ணியும் வந்தன. தவராசா அண்ணை கதிரையில் உட்கார்ந்து தரையில் பாதத்தை அழுத்திப் பார்த்தார். பிறகு இடம் மாற்றி அழுத்தினார்.

"திருப்தியோ, அண்ணை?"

என் வாயைப் பார்த்தார். "ஓம். நல்லது."

தண்ணீர்க் குவளையைப் படம் எடுத்து எங்கள் தொழிலில் உள்ள இரண்டு பேருக்கு அனுப்பி, பாராட்டும் வாங்கிக்கொண்டுதான் அன்று பஸ் ஏறினேன்.

மூன்றாம் கிழமை அக்கா திரும்பவும் பேசினார். குரல் மாறியிருந்தது.

"தங்கச்சி, பெட்டி பழுதாப்போச்சு எண்டு இவர் சொல்லுறார். நீங்கள் போனாப் பிறகு நாலைஞ்சு தரம் போட்டவர். இப்ப அந்தப் பக்கமே போறேல்லை. விடிஞ்சால் கடற்கரையிலை போய் இருக்கிறார். சாப்பாடும் பாதிதான். நான் கரைச்சல் குடுத்துத்தான் உப்பிடி ஆச்சுதோ தெரியேல்லை."

போனேன். மேலே எல்லாம் நான் விட்டுவந்தபடியே இருந்தது. பிளேயரின் மேல் தூசி.

"என்ன பழுது, அண்ணை?"

"சத்தம் செத்துப்போச்சு," என்றார்.

அதே இசைத்தட்டைப் போட்டேன். அவ்வளவு சுத்தமான தவிலை நான் ஒரு வீட்டில் கேட்டது குறைவு. தோலில் விரல் படுவதும் தடி படுவதும் தனித்தனியாகக் கேட்டன. வாசலில் நின்ற அக்கா, "வடிவாய்த்தானே கேக்குது," என்று என்னைப் பார்த்தார். பிறகு தேத்தண்ணி போடுவதற்குக் கீழே இறங்கினார்.

ஏதாவது வயர் தளர்ந்திருக்கலாம் என்று கதிரைக்குப் பின்னால் போய்க் குனிந்தேன். வயரைத் தொடுவதற்கு முன் சத்தத்தை முழுதாகக் குறைத்தேன். அறை அமைதியாகிவிட்டது. வெளியே காகம் கத்துவது கேட்டது. இசைத்தட்டு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. வயரை இறுக்கிக்கொண்டே, "இப்ப எப்பிடி, அண்ணை?" என்று பின்னாலிருந்து சும்மா கேட்டேன். பதில் இல்லை. இன்னொரு தரம், கொஞ்சம் பலமாகக் கேட்டேன். அப்போதும் இல்லை.

எழுந்து அவருக்கு முன்னால் வந்தேன். அவர் சுற்றும் இசைத்தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகத்தை மலர்த்திக்கொண்டு சொன்னார்:

"ஓம். இப்ப கொஞ்சம் பரவாயில்லை, தங்கச்சி."

அறையில் ஒரு சத்தமும் இல்லை.

 எனக்கு முகத்தை மறைக்கத் தெரியவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார், அம்பிளிபயரைத் திரும்பிப் பார்த்தார், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். இன்ஜின் பார்த்த மனிதர், உடனே விளங்கிக்கொண்டார். முகத்திலிருந்த மலர்ச்சி மெல்ல இறங்கியது.

"அவவுக்குச் சொல்லிப்போடாதையும்," என்றார்.

பிறகு தாழ்ந்த குரலில், தன் குரல் எவ்வளவு என்று தனக்கே நிச்சயம் இல்லாதவர் போலச் சொல்லத் தொடங்கினார். வலது காது முழுதாகப் போய்விட்டது. இடது காதில், முகத்துக்கு நேரே நின்று கதைத்தால் கொஞ்சம். இரண்டு வருடமாகத்தான் இவ்வளவு மோசம்.

"இன்ஜின் அறையிலை காதை நம்பி ஒண்டும் செய்யேலாது தங்கச்சி. பேரிங் தேயுதோ, எண்ணெய் போகுதோ எல்லாம் கையை வைச்சுத்தான் பாக்கிறது. அதாலை காது போறது எனக்கே கனகாலம் தெரியேல்லை. மேளம் எனக்குக் காலாலை வரும். பலகையாலை ஏறி முழங்கால் வரைக்கும் வரும். அதைத்தான் நீர் நிப்பாட்டிப்போட்டீர்."

என் தொழிலில் எவரும் எனக்கு இப்படி ஒரு வசனம் சொன்னதில்லை. குவளைத் தண்ணீர் ஆடவில்லை என்று படம் எடுத்தேனே, அந்தத் தண்ணீரை ஆட்டியிருக்க வேண்டியதுதான் அவர் கேட்ட பாட்டு.

"ஏன் அண்ணை வீட்டிலை சொல்லேல்லை?"

"மகள் வரப்போறாள். எனக்குக் காது கேளாது எண்டு தெரிஞ்சால் பேரப்பிள்ளையை என்னட்டைத் தரமாட்டினம்."

"தெரியாமல் தந்தால்?" என்று கேட்டேன். அவர் சரியாகப் பிடிக்கவில்லை. முன்னால் குனிந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். "பிள்ளையை உங்களிட்டைத் தந்திட்டு அக்காவும் மகளும் கிணத்தடிக்குப் போகினம். பிள்ளை அழுகுது. பிறகு?"

 அந்த நேரம் கீழே படியில் அக்காவின் காலடி கேட்டது. எனக்குக் கேட்டது, அவருக்கு இல்லை. பதின்மூன்று படிகள். தேத்தண்ணித் தட்டோடு ஏறுபவர் என்பதால் கொஞ்சம் மெதுவாக.

நீங்கள் எல்லோரும் என்றாவது ஒருநாள் இப்படி ஒரு படிக்கட்டுக்கு மேலே நிற்பீர்கள். வீடுகளுக்குள் போய் வேலை செய்கிறவர்களுக்கு வீட்டுக்காரருக்கே தெரியாத விடயங்கள் தெரியவரும். என் கையில் இரண்டு வழி இருந்தது. வயர் தளர்ந்துவிட்டது, சரிசெய்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு இறங்கலாம். அவர் எனக்கு நன்றி சொல்வார், பிள்ளை வரும், பிறகு நடப்பது என் பொறுப்பில்லை. அல்லது அக்காவைக் கீழே அழைத்துப்போய் உண்மையைச் சொல்லலாம். அது சரியான காரியம் போலத் தோன்றும். ஆனால் ஒரு மனிதரின் காதைப் பற்றி அவருடைய மனைவிக்கு, அவர் கேட்க முடியாத இடத்தில் நின்று சொல்ல நான் யார்?

அக்கா தட்டோடு வந்தார். "என்ன பழுது, தங்கச்சி?"

"பெட்டியிலை ஒரு பழுதும் இல்லை, அக்கா. பழுது என்ரை வேலையிலை," என்றேன். "கேக்கிற ஆளைக் கேக்காமல் செய்துபோட்டன். என்ன வேணும் எண்டு அண்ணை இப்ப எனக்குச் சொன்னவர். உங்களுக்கும் அவரே சொல்லுவார்." அதை அண்ணையின் முகத்துக்கு நேரே நின்று, அவர் வாசிக்கும்படி மெதுவாகச் சொன்னேன். தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

கீழே, ஆடாத அலுமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக ஒரு தேத்தண்ணி குடித்ததில்லை. மேலே முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவருடைய குரல், துண்டு துண்டாக.  அவர் சொல்லாமல் விட்டால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். அடுத்த கிழமை திரும்பி வந்து இன்னொரு தரம் நெருக்குவது, மகள் வருமுன் எப்படியாவது சொல்ல வைப்பது. அதற்கு மேல் என்னிடம் திட்டம் இல்லை. அப்போதுதான் அக்காவின் குரல் எழுந்தது. அதற்கு ஸ்பிரிங்கும் ரப்பரும் போதாது, கோப்பைகள் உண்மையிலேயே ஆடின.

கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்தார். கண் சிவந்திருந்தது. எனக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"ரெண்டு வருசமா நான் என்ன சொன்னாலும் ஓம் எண்டார், தங்கச்சி. வயசு போகப் போகப் பணிஞ்சு வாறார் எண்டு கோயிலிலை நேத்திக்கடன் செலுத்தின நான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"வீட்டு முத்தத்து மாமரத்தைத் தறிப்பமோ எண்டு கேட்டன். ஓம் எண்டார். தறிச்சாப் பிறகு மூண்டு நாள் என்னோடை கதைக்கேல்லை. இப்பதான் விளங்குது."

அவரே சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே அழுதார். நான் குடித்த கோப்பையை எடுத்துக் குசினியில் வைத்துவிட்டு வந்தேன். அந்த நேரத்துக்கு என்னால் செய்ய முடிந்தது அதுதான்.

பிறகு நாங்கள் மூவரும் மேலே உட்கார்ந்தோம். இந்த முறை கேள்விகள் எல்லாம் அண்ணைக்கு. எந்தப் பாதத்தில் அதிகம் தெரியும், எவ்வளவு கனமாக வேண்டும், கையிலும் வேண்டுமா. வீடு முழுதும் அதிர வேண்டியதில்லை, அந்தக் கதிரை அதிர்ந்தால் போதும் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. நான் இவ்வளவு நாளும் அதிர்வைக் கண்ட இடத்தில் கொல்லவே பழகியிருந்தேன். அதை ஒரு இடத்தில் கட்டிவைத்து, தேவையான ஆளுக்கு மட்டும் கொடுக்கலாம் என்று யோசித்ததில்லை.

நாலடிக்கு நாலடி ஒரு பலகை மேடை செய்தேன். அது கதிரையைத் தாங்கும், ஆனால் அறைத் தரையைத் தொடாது. இடையில் நான் ஸ்பீக்கர்களுக்கு வைத்த அதே மாதிரி ஸ்பிரிங்குகள். மேடைக்கு அடியில், கடையில் சும்மா கிடந்த பெரிய ஸ்பீக்கர் ஒன்றைப் பலகையைப் பார்த்தபடி திருகிப் பொருத்தினேன். கனத்த ஒலிகள் மட்டும் அதற்குப் போகும். ஸ்பீக்கர்களுக்கு அடியில் நான் அவ்வளவு பெருமையாக வைத்தவற்றைக் கழற்றி, அளவு மாற்றிப் பூட்டினேன். பிளேயர் மட்டும் சுவரிலேயே இருந்தது.

இரண்டு குவளைத் தண்ணீர் வைத்தேன், ஒன்று மேடையில், ஒன்று தரையில். மேடைக் குவளையில் தண்ணீர் குதித்தது. தரைக் குவளை அசையவில்லை. தவராசா அண்ணை செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தார். கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் வலது கை முழங்காலில் தாளம் போடத் தொடங்கியது. உண்மையா, எங்களுக்காகவா என்று எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் சத்தத்தை முழுதாகக் குறைத்தேன்.

கண்ணைத் திறந்தார். "ஏன் நிப்பாட்டினனீர்?"

அக்கா முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு யன்னல் பக்கம் போனார்.

அதற்குப் பிறகு அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்கள். காதுக் கருவி கொடுத்தார்கள். ஆட்கள் கதைப்பது முன்னையிலும் நன்றாக விளங்கியதாம். மேளத்துக்கு மட்டும் அது சரிவரவில்லை, தகரம் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டுத்தான் மேடையில் ஏறுவாராம். மகளுக்கும் சொன்னார்கள். பெண் குழந்தை பிறந்தது. இதெல்லாம் அக்கா தொலைபேசியில் சொல்லி எனக்குத் தெரியும்.

"பிள்ளையை இவரிட்டைக் குடுக்கிறியளோ, அக்கா?" என்று கேட்டேன்.

"குடுக்காமல் விடுவாரோ? நெஞ்சோடை சாத்தி வைச்சிருப்பார். அழத் தொடங்கினால் எங்களுக்கு முதல் அவருக்குத் தெரியுது. ஆனால் ஆராவது ஒருத்தர் பக்கத்திலை இருப்பம். அது அவர் போட்ட சட்டம்தான்."

உங்களில் பலர் என்னைவிடக் கெட்டிக்காரர். கருவிகளும் உங்களிடம் நல்லவை இருக்கின்றன, அதிர்வை அளந்து எண்ணாகக் காட்டும். அளந்துகொள்ளுங்கள். அதற்கு முன், கேட்கப்போகிற ஆளைக் கதிரையில் உட்கார வைத்து, ஒரு பாட்டு முடியும்வரை சும்மா பாருங்கள். கை எங்கே போகிறது, கால் எங்கே போகிறது, முகம் எந்த இடத்தில் மாறுகிறது. அவருக்காக மற்றவர் பதில் சொன்னால் காத்திருந்து, அவரிடமே திரும்பவும் கேளுங்கள். தவறு செய்தால் உங்கள் தவறு என்று அந்த அறையிலேயே சொல்லுங்கள். நான் அன்று வயரைக் குற்றம் சொல்லியிருந்தால் பெயர் கெட்டிருக்காது, ஆனால் அந்த மனிதர் இன்றைக்கும் ஓசை இல்லாத இசைத்தட்டு சுற்றுவதைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருப்பார்.

குழந்தைக்கு நாலு மாதம் இருக்கும்போது அக்கா ஒருநாள் பேசினார். சுகம் விசாரித்தார், மழை பற்றிச் சொன்னார், கதையை வளர்த்துக்கொண்டே போனார். ஏதோ கேட்கத் தயங்குகிறார் என்று விளங்கியது.

"பெட்டி பிரச்சினை ஏதும் குடுக்குதோ, அக்கா?"

"இல்லை, இல்லை. அது நல்லாய் இருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "தங்கச்சி, உந்தப் பலகை மேடையை இன்னும் ரெண்டடி நீட்ட ஏலுமோ?"

"நீட்டலாம். ஏன்?"

"இன்னொரு கதிரை போட," என்றார். "எனக்கு மேளம் ஒண்டும் விளங்காது. நேற்று இவர் கடற்கரைக்குப் போன நேரம் செருப்பைக் கழட்டிப்போட்டு ஏறி இருந்து பாத்தன்."

நிறை கூடினால் ஸ்பிரிங் எல்லாம் மாற்ற வேண்டும். அதை அவருக்குச் சொல்லவில்லை. அடுத்த நாள் காலை பலகையோடு போனேன்.